கடைசிப் பதினாறு பக்கம்

எலும்பில் மயிரிழை விரிசல் இருந்தாலும் எக்ஸ்ரே அக்காவின் கண்ணுக்குத் தப்பாது. ஆஸ்பத்திரியில் அவளுக்கு அதுதான் பெயர். அதே கண்ணோடுதான் பதினோரு வருஷமாக ஒரு மாத இதழில், தமிழில் வரும் இந்தோனேசிய நாவல்களுக்கு மதிப்புரை எழுதிவந்தாள். கொழுந்தன் பெண்டாட்டி மாடிக்குக் குடிவரும்வரை அந்தப் பக்கத்துக்கு அவள் வைத்ததுதான் சட்டம்.

வந்தாளே மகராசி! அக்காவின் அலமாரியில்தான் முதல் நாவலை இரவல் வாங்கினாள். படித்தோமா, திருப்பிக் கொடுத்தோமா என்றில்லாமல் மதிப்புரை எழுதவும் ஆரம்பித்தாள். இதழாசிரியர் புதிதாக வந்த நாவலை அவளுக்கே அனுப்பிவிட்டார். அந்த மதிப்புரை சரியாக அமைந்தால் பக்கம் இனி அவளுக்குத்தானாம். அக்காவுக்கு வயிறு எரிந்தது.

மதிப்புரை வெளிவந்ததும் குற்றம் கண்டுபிடிப்பதற்கென்றே அந்த நாவலை நூலகத்தில் எடுத்தாள். எக்ஸ்ரே அறையில் ஆள் வராத நேரத்தில் படித்தாள். கிராம்புக் கிடங்கில் வேலை பார்க்கும் பெண், கடலுக்குப் போன கணவனுக்காகப் படகுத்துறையில் நிற்பதோடு கதையை நிறுத்தியது பெரிய துணிச்சல் என்று சின்னவள் எழுதியிருந்தாள். அக்காவின் கையிலிருந்த புத்தகத்தில் அதற்குமேலும் பதினாறு பக்கம் இருந்தது. கணவன் வருகிறான், அழுகிறான், இருவரும் கடை போட்டுச் சௌக்கியமாக வாழ்கிறார்கள்.

மாட்டினாள் என்று அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆசிரியருக்குக் கடிதம் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டு நேரே மாடியேறினாள். சின்னவளின் பிரதியைப் புரட்டிப் பார்த்தால், பைண்டிங்கில் கடைசிப் பதினாறு பக்கம் சேராமலே போயிருந்தது.

சின்னவள் முகம் வெளுத்துவிட்டது. அவமானத்தை விழுங்கிக்கொண்டு, "அப்ப முடிவு என்னக்கா?" என்று கேட்டாள்.

அக்கா சொன்னாள்.

"அடடா, கெடுத்துட்டாங்களே. அவ அந்தத் துறையிலயே நின்னிருக்கணும்க்கா. அவன் வந்ததும் எல்லாம் அவன் கதையாயிடுது, அவ காணாமப் போயிட்டா பாருங்க."

அக்காவுக்குச் சுருக்கென்றது. அந்தப் பதினாறு பக்கத்தையும் படித்தது அக்கா. தப்பு எங்கே என்று படிக்காதவளுக்கல்லவா தெரிகிறது! இந்த மூளை எனக்கு ஏன் இல்லாமல் போயிற்று என்று பொருமினாள்.

"நீங்களே ஆசிரியருக்கு எழுதிடுங்கக்கா. தப்பு என்னோடதுதானே," என்றாள் சின்னவள்.

கீழே வந்து அக்கா கடிதத்தைப் பிரித்தாள். அடியில் இரண்டு வரி சேர்த்தாள்: 'கணவன் வந்ததும் நாயகி காணாமல் போய்விடுகிறாள். கடைசிப் பதினாறு பக்கம் நாவலைக் கெடுத்துவிட்டது.' யார் சொன்னது என்று எழுதவில்லை.

அடுத்த இதழில் கடிதம் முழுதாக வந்தது. அந்த இரண்டு வரியைப் பெரிய எழுத்தில் போட்டு, இப்படிப் படிக்கத் தெரிந்தவரிடமே பக்கம் திரும்புகிறது என்று ஆசிரியர் குறிப்பும் எழுதியிருந்தார்.

சின்னவள் இதழோடு இறங்கி வந்தாள். அந்த வரிகளின் மேல் அவள் விரல் கொஞ்ச நேரம் நின்றது.

"நல்லா எழுதியிருக்கீங்கக்கா," என்றாள்.

அடுத்த மதிப்புரைக்கான நாவல் மேஜைமேல் பிரிக்காத கட்டோடு கிடந்தது. அதைப் பற்றிச் சின்னவள் என்ன நினைப்பாள் என்று தெரியாமல் அக்காவால் இனி ஒரு வரிகூட எழுத முடியாது.