மைக் வீரய்யாவின் கையெழுத்து

துண்டுப்பிரசுரத்தைக் கையில் வாங்கியதும் வீரய்யா சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுப்பார். மூடியைப் பல்லால் கழற்றி, தாளின் அடியில் கையெழுத்திட்டு, அதன்கீழ் ஒரு கோடும் இரண்டு புள்ளியும் வைத்த பிறகுதான் ஆட்டோவில் ஏறி மைக்கை ஊதுவார்.

"வாசிச்சு வெளங்கிக்கிட்டேன்னு ஒரு அத்தாட்சி வேணாமா?" என்பார்.

இலங்கை மலையகத்து லுணுகலையில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவை வாடகைக்கு ஓட்டும் ஷுக்ரிக்கு இது பழகிப்போயிற்று. "இது நோட்டீஸ்தானே, காணி உறுதிப்பத்திரமா?" என்று கேட்பதை அவர் எப்போதோ விட்டுவிட்டார்.

வீரய்யாவுக்கு ஐம்பத்தொரு வயது. தேயிலைத் தோட்டத்து ஃபெக்டரியில் கொழுந்து வாட்டும் வேலை. தேர்தல் வந்துவிட்டால் லீவு போட்டுவிட்டு மைக் பிடிப்பார். திங்கட்கிழமை பச்சைக் கட்சி, புதன்கிழமை நீலக் கட்சி, வெள்ளிக்கிழமை தொழிற்சங்கம். எல்லோருக்கும் ஒரே தொண்டை. யாராவது குத்திக் காட்டினால் கோபிக்க மாட்டார். "எனக்கு ஓட்டே இல்லங்க. அதனாலதான் எல்லாக் கட்சிக்கும் நல்லவனா இருக்கேன்."

அது வெறும் வேடிக்கையல்ல. அவருடைய அப்பா இந்தியாவுக்குப் போவதாக எழுதிக் கொடுத்துவிட்டுக் கப்பலேறாமல் நின்றுவிட்டவர். அதோடு குடும்பம் எந்த நாட்டுக் கணக்கிலும் இல்லாமல் போயிற்று. அப்புறம் விண்ணப்பம், சத்தியக்கடதாசி, மறுபடி விண்ணப்பம் என்று வீரய்யா பதுளை அரசாங்கக் கச்சேரிக்கு நடையாய் நடந்தார். ஒவ்வொரு தாளிலும் மூன்று இடத்தில் கையெழுத்து. மனைவி பெரியாயி உட்பட லயத்து வரிசை வீடுகளில் பாதிப்பேர் கைநாட்டு என்பதால், தன் கையெழுத்தில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் சேர்ந்துகொண்டது.

2003இல் சட்டம் வந்தது, பிரஜாவுரிமை கிடைத்தது. 2005 ஜனாதிபதித் தேர்தலுக்கு வாக்காளர் அட்டையும் வந்தது. "இத்தன வருசமா இந்த நாட்டுல என் வாய்க்கு மட்டுந்தான் பிரஜாவுரிமை இருந்துச்சு" என்று லயம் முழுக்க அட்டையைக் காட்டிவிட்டு வந்தார்.

மூன்று வாரம் தோட்டம் தோட்டமாகத் தொண்டை வறளக் கத்தினார். "புள்ளடிய மட்டும் போடுங்க, ஒரு பெருக்கல் குறிதான். பேரு எழுதக் கூடாது, கையெழுத்து வைக்கக் கூடாது. வச்சா உங்க ஓட்டு செல்லாது."

நவம்பரில், தேர்தலன்று, புதுச் சட்டையோடு, பெரியாயியையும் கூட்டிக்கொண்டு தோட்டப் பாடசாலைக்குப் போய் வாக்களித்துவிட்டு இறங்கி வரும்போது அவருக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

"கையெழுத்து அச்சடிச்ச மாதிரி விழுந்துச்சு பெரியாயி."

பெரியாயி நின்றுவிட்டார். "எதுல?"

"சீட்டுலதான்."

"வைக்கக் கூடாதுன்னு மூனு வாரமா நீங்கதானங்க கத்துனீங்க?"

வீரய்யா வழியிலிருந்த மதகில் உட்கார்ந்துவிட்டார். வெட்கத்தைவிடத் துக்கம்தான் பெரிதாக இருந்தது. ஐம்பத்தொரு வருஷம் காத்திருந்து கிடைத்ததைத் தன் கையாலேயே கெடுத்துக்கொண்டார். கைநாட்டுப் பெரியாயியின் வாக்கு செல்லும். ஊருக்கே பாடம் எடுத்தவரின் வாக்கு குப்பைக்குப் போகும். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

அடுத்த மார்ச் மாதம் பிரதேச சபைத் தேர்தல் வந்தது. ஆட்டோ மறுபடி மலையேறியது. வேட்பாளரின் வாக்குறுதிகளை வேகமாக வாசித்து முடித்த வீரய்யா, மைக்கை வாயோடு ஒட்டிக்கொண்டார்.

"அன்பார்ந்த தோட்ட மக்களே, போன தடவ ஒரு மடையன் ஓட்டுச் சீட்டுல கையெழுத்து வச்சிட்டு வந்தான். அந்த மடையன் நாந்தான். யாரும் என்னைய மாதிரி செஞ்சிராதீங்க."

கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையோடு நின்று சிரித்தார்கள். ஷுக்ரி ஆட்டோவை ஓரங்கட்டினார்.

"இது நோட்டீஸ்ல இல்லையே, வீரய்யா."

"நோட்டீஸ்ல இருக்கிறத யாருங்க கேக்குறா? இதக் கேட்டா நாலு ஓட்டாவது தப்பிச்சிரும்."

தேர்தலன்று பாடசாலை வாசலில் பேனாவை எடுத்துப் பெரியாயியிடம் நீட்டினார். "இத நீயே வச்சுக்க. இருந்தா கை சும்மா இருக்காது."

உள்ளே அட்டை மறைப்புக்குப் பின்னால் சணல் கயிற்றில் ஒரு பென்சில் கட்டிக் கிடந்தது. வீரய்யா புள்ளடி போட்டார். தாளின் அடியில் வெள்ளையாக நிறைய இடம் மிச்சமிருந்தது. பென்சிலை மெதுவாகக் கீழே வைத்தார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கோத்துக்கொண்டு, குனிந்து, தான் போட்ட புள்ளடியை ஒருமுறை வாசித்துப் பார்த்தார்.