பல்லின் நிறத்தில் ஒரு ஸ்டியரிங்

ஒஸ்லோவில் பஸ் ஓட்டத் தொடங்கிய முதல் கோடையிலேயே அந்தக் கார்கள் என் கண்ணில் பட்டுவிட்டன. வெயில் வந்தால் போதும், எந்தெந்தக் கராஜிலிருந்தோ வெளியே வந்துவிடும். பின்பக்கம் மீன் செட்டை போல விரிந்த, ஒரு சந்தியில் திரும்பவே நேரம் எடுக்கிற பழைய அமெரிக்கக் கார்கள். சிவப்பு விளக்கில் என் பஸ்ஸுக்குப் பக்கத்தில் வந்து நின்றால், ஓட்டுபவர் நிமிர்ந்து பார்த்து ஒரு கையைத் தூக்குவார். நானும் தூக்குவேன். அன்று முழுவதும் மனம் லேசாக இருக்கும்.

மகள் பல்கலைக்கழகத்துக்குப் போன வருடம், எனக்கும் ஒன்று வேண்டும் என்று முடிவெடுத்தேன். கணவரிடம் சொன்னபோது அவர் சோற்றிலிருந்து தலை நிமிரவில்லை.

"உமக்கென்ன விசரே? நாள் முழுக்க பஸ் ஓடிப்போட்டு வந்து, பிறகு அதிலை ஏறி எங்கை போகப் போறீர்?"

"எங்கையும் போறதுக்கில்லை. ஓடுறதுக்கு."

அவர் மறுபடி சோற்றைக் குழைக்கத் தொடங்கினார். பொதுவாகவே அவர் கதைப்பது குறைவு. அவருக்குப் பல் கட்டும் வேலை. நகரத்தில் ஒரு கட்டடத்தின் நிலக்கீழ் அறையில், பல் வைத்தியர்கள் அனுப்புகிற அச்சுகளைப் பார்த்துச் செயற்கைப் பற்கள் செய்வார். அவர் செய்த பற்களோடு இந்த நகரத்தில் எத்தனையோ பேர் சிரிக்கிறார்கள், அப்பிள் கடிக்கிறார்கள். அவர்களில் ஒருவரைக்கூட அவர் கண்டதில்லை. நொர்வேஜிய மொழி நன்றாக விளங்கும். ஆனால் அந்த மொழியில் யாராவது பேச்சுக் கொடுத்தால் இரண்டு சொல்லில் முடித்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் நடக்கிற தமிழ்ப் பூசைக்குப் போனாலும் கடைசி வரிசை வாங்கில்தான் இருப்பார். பூசை முடிந்ததும் கோப்பி குடிக்க நிற்காமல் என்னைத் தேடி வாசலுக்கு வந்துவிடுவார்.

கார் அரிசோனாவில் கிடைத்தது. இணையத்தில் விளம்பரம் போட்டிருந்தவர் கணவனை இழந்த ஒரு பெண்மணி. கண்பார்வை மங்கிவிட்டதால் இனி ஓட்ட முடியாது என்று எழுதியிருந்தார். வீடியோவில் கதைக்க வேண்டும் என்று கேட்டார். என் ஆங்கிலத்தை நம்பாமல் மகளைப் பக்கத்தில் இருத்திக்கொண்டேன். அவர் கைபேசியைத் தூக்கிக்கொண்டு காரைச் சுற்றி நடந்தார். வெளிறிய மயில்நீலம். நான்கு கதவு, பின்னால் சாமான் வைக்கப் பெரிய இடம். ஒரு சின்னக் காந்தத்தை எடுத்து ஒவ்வொரு கதவிலும் ஒட்டிக் காட்டினார். பெயின்றுக்கு அடியில் உண்மையான இரும்புதான், பூசி மறைத்த ஓட்டை இல்லை என்பதற்கு அதுதான் சாட்சி.

"இதைக் கறுப்பாக அடித்துப் பந்தயம் ஓடப்போகிறேன் என்று ஒருவன் வந்தான். அனுப்பிவிட்டேன்," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீ என்ன வேலை செய்கிறாய்?" என்று கேட்டார்.

பஸ் ஓட்டுகிறேன் என்றதும் வாய்விட்டுச் சிரித்தார். "அப்படியென்றால் நீளமானதைத் திருப்ப உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை." அந்த இடத்திலேயே கார் என்னுடையதாகிவிட்டது.

அது லொறியில் டெக்சஸ் துறைமுகத்துக்குப் போய், கப்பலேறி, ஜெர்மனியில் கப்பல் மாறி, இலையுதிர்காலத்தில் ஒஸ்லோவுக்கு அருகிலுள்ள ட்ரம்மன் துறைமுகத்துக்கு வந்துசேர்ந்தது. இழுத்துவர வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போனேன். கணவர் குடை பிடிக்கவென்று கூட வந்தார். மழைக்குள் நின்ற காரின் மேல் அரிசோனாவின் செம்மண் தூசு இன்னும் இருந்தது. மழை பட்டு அது கோடுகோடாக வழிந்துகொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான்.

உள்ளே ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தேன். அதற்கு ஒரு தோலுறை போட்டு நூலால் தைத்திருந்தது. நூல் இற்றுப்போய் உறை கழன்று வந்தது. கூடவே, ஸ்டியரிங்கின் ஒரு துண்டும் என் கைக்குள் வந்தது. பாலேட்டு நிறத்தில் செய்த அழகான வளையம் அது. பாலைவன வெயில் அதைச் சுற்றிவரப் பிளந்துவைத்திருந்தது. பிளவுகளுக்குள் கம்பி துருத்திக்கொண்டு நின்றது. பாவம், அந்தப் பெண்மணிக்கும் அது தெரிந்திருக்காது.

"இதுக்குத்தானே அழுதனீர்?" என்றார் கணவர், குடையைச் சாய்த்து எட்டிப் பார்த்தபடி.

மோர்டென்ஸ்ருட்டில் எங்கள் வரிசை வீட்டுக் கராஜுக்குள் கார் முழுதாகப் போகவில்லை. பின்பக்கம் ஒரு முழம் வெளியே நின்றது. அதற்குத் தார்ப்பாய் போர்த்தினோம். பிரேக்கையும் டயர்களையும் ஒரு வேலைத்தலத்தில் கொடுத்து மாற்றினேன். பிறகு வாகனப் பரிசோதனைக்குக் கொண்டுபோனேன். பரிசோதித்த இளம்பெண் காருக்குக் கீழே நெடுநேரம் பார்த்துவிட்டு, இந்த வயதுக்குத் துருவே இல்லை என்று பாராட்டினாள். ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்ததும் கையை எடுத்துவிட்டாள். "இது கையைக் கிழிக்கும். இதோடு அனுமதிக்க முடியாது."

மாற்று ஸ்டியரிங் தேடினேன். அமெரிக்காவில் விற்பனைக்கு இருந்தவையும் வெடித்தவைதான். புதிதாகச் செய்த ஒன்று கறுப்பு நிறத்தில் கிடைத்தது. அந்த மயில்நீலத்துக்குள் கறுப்பை நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை. வளையத்தைக் கழற்றிச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது கணவர் மேசையில் குனிந்திருந்தார். அவர் முன்னால், வேலையிடத்திலிருந்து கொண்டுவந்த ஒரு தகடு இருந்தது. அதில் சின்னச்சின்னப் பற்கள் வரிசையாக, வெள்ளையிலிருந்து மஞ்சள்வரை, ஒன்றைவிட மற்றது கொஞ்சம் மங்கலாக இருக்கும். புதுப் பல்லின் நிறத்தை ஆளின் சொந்தப் பல்லோடு ஒப்பிட்டுப் பார்க்கிற தகடு அது. ஒவ்வொரு பல்லாக எடுத்து ஸ்டியரிங்கின் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரியா ஒரு அறுபது வயது ஆம்பிளையின்ரை பல்லு," என்றார். "கோப்பி குடிக்கிற ஆள். சிகரெட் இல்லை."

நான் சிரித்த சிரிப்பில் மகள் மேலேயிருந்து இறங்கி வந்தாள். அந்த வாரம் அவள் வீட்டில் நின்றாள். வழக்கம்போல நொர்வேஜியம் கலந்து கேட்டாள்.

"அம்மா, ஹெல்ட் ஏர்லி, உண்மையாத்தான் கேக்கிறன், அப்பா காருக்குப் பல்லுக் கட்டப் போறாரா?"

"ஓம்," என்றார் அவர், தலை நிமிராமல்.

முதல் தடவை சரிவரவில்லை. பற்களுக்குப் பாவிக்கிற அக்ரிலிக்கைக் குழைத்துப் பிளவுகளில் நிரப்பினார். அது காய்ந்து சுருங்கி, இரண்டு பக்கமும் மயிரிழை அளவு விலகி நின்றது. அவர் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தார். பிறகு சின்னத் துளைகருவியால் ஒவ்வொரு பிளவையும் இன்னும் அகலமாக வெட்டத் தொடங்கினார். நான் அவர் கையைப் பிடித்தேன்.

"ஐயோ, என்ன செய்யிறியள்? இருக்கிறதையும் உடைக்கிறியளே?"

"சூத்தைப் பல்லும் இப்பிடித்தான். அடைக்க முதல் ஓட்டையைப் பெருப்பிக்க வேணும். இல்லாட்டி பிடிக்காது."

குளிர்காலம் முழுவதும் அந்த வேலை நடந்தது. கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பி, காயவிட்டு, தேய்த்து, மறுபடி நிரப்பினார். நாங்கள் மேசையின் மற்றப் பாதியில் சாப்பிட்டோம். வீடெல்லாம் பல் வைத்தியரிடம் போனால் வருகிற அந்த மணம். வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, அவர் எனக்குத் தன் வேலையைப் பற்றிச் சொன்னார். ஒரு பல்லைப் பார்த்தால் அந்த ஆள் எந்தப் பக்கத்தால் சப்புகிறவர், நித்திரையில் பல்லை நறநறவெனக் கடிக்கிறவரா என்றெல்லாம் தெரியும் என்றார். திருமணமாகி இத்தனை வருடத்தில் நான் இதையெல்லாம் கேட்டதேயில்லை.

பனி கரைந்ததும் ஸ்டியரிங்கைக் காரில் திரும்பப் பூட்டினோம். அதே பெண்தான் மறுபடியும் பரிசோதித்தாள். விரலால் வளையத்தைச் சுற்றித் தடவினாள். எங்கே வெடித்திருந்தது என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. யார் செய்தது என்று கேட்டாள். நான் கணவரைக் காட்டினேன். அவர் வழக்கம்போல இரண்டு சொல்லில் முடிக்கப் பார்த்தார். அவள் விடவில்லை. என்ன பொருள், எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டுக்கொண்டேயிருந்தாள். கடைசியில் அவர் தகட்டுப் பற்களைப் பற்றிச் சொல்ல, அவள் மற்ற ஊழியர்களையும் கூப்பிட்டாள். அனுமதி கிடைத்துவிட்டது.

கோடையில் இந்தக் கார்க்காரர்கள் வாரத்தில் ஒரு மாலை ஒன்றுகூடுகிற வாகனத் தரிப்பிடம் ஒன்று இருக்கிறது. நான் கணவரையும் கூட்டிக்கொண்டு அங்கே போனபோது எல்லோரும் என் காரின் முகப்பைப் பார்த்தார்கள், எஞ்சினைப் பார்த்தார்கள். தோல் மேற்சட்டை போட்ட ஒரு முதியவர் மட்டும் உள்ளே தலையை விட்டு ஸ்டியரிங்கைப் பார்த்தார். யார் செய்தது என்று கேட்டுவிட்டு, கணவரைத் தன் காருக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் கோப்பி வாங்கிக்கொண்டு வந்து தேடினால், இவர் அந்தக் காரின் சாரதி ஆசனத்தில் இருந்து வெடித்த வளையத்தைத் தொட்டுத்தொட்டு நொர்வேஜிய மொழியில் விளக்கிக்கொண்டிருக்கிறார். சுற்றிவர நாலைந்து பேர். அவர் சொன்ன ஏதோ ஒன்றுக்கு எல்லோரும் சிரித்தார்கள். கோப்பி ஆறும்வரை நான் தள்ளியே நின்றேன்.

இப்போது எங்கள் வீட்டில் எப்போதும் யாருடையவாவது ஸ்டியரிங் இருக்கிறது. போன கோடையில் ஒரு ஒன்றுகூடல் நாளன்று எனக்கு மாலை வேலை. ஒரு தரிப்பில் பஸ்ஸை நிறுத்தினால், குளிக்கிற துவாயில் சுற்றிய பெரிய வட்டம் ஒன்றை அணைத்தபடி என் கணவர் ஏறுகிறார்.

"காரை எடுத்துக்கொண்டு போயிருக்கலாமே?" என்றேன்.

"அதை நீர் ஓடும். எனக்கு உம்மடை பஸ்ஸே காணும்," என்று சொல்லிவிட்டு, முன் இருக்கையில் ஒரு நொர்வேஜிய அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தார். அந்த அம்மா துவாயைப் பார்த்து, அது என்ன என்று கேட்டார். இவர் துவாயின் ஒரு பக்கத்தை விலக்கிக் காட்டிச் சொல்லத் தொடங்கினார். நான் கதவை மூடிவிட்டுப் பஸ்ஸை எடுத்தேன். மூன்று தரிப்புக்குப் பிறகும் அவர் சொல்லி முடிக்கவில்லை.