ரஸ்க் சூட்டில் ஆறிய வில்லை

இந்தப் பிரான்ஸில் எதற்கெடுத்தாலும் மெர்சி. கதவைப் பிடித்துக்கொண்டால் மெர்சி, உப்பை நகர்த்தினால் மெர்சி. காரைக்காலில் என் அப்பாவிடம் போய் நன்றி என்றால், காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். பத்து வருடம் நானும் மெர்சி சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். இப்போது அந்த வார்த்தையைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வருகிறது.

எண்பத்தேழில் எங்கள் ஆய்வுக்கூடமே பித்துப் பிடித்து அலைந்தது. திரவ நைட்ரஜனின் குளிரில் வைத்தால் மின்சாரத்தைத் துளியும் தடுக்காத கறுப்பு வில்லை ஒன்றை வேறெங்கோ செய்துவிட்டார்கள். நாங்களும் செய்தோம். பொடியை அரைத்து, அழுத்தி, உலையில் சுடுவது என் வேலை. தடையை அளப்பது துறைத் தலைவர். அதே பொடி, அதே சூடு, ஆனாலும் தடை பூஜ்ஜியத்துக்கு இறங்கவில்லை. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. தலைவருக்கு எப்போதும் அவசரம், சுட்ட உடனே வெளியே எடுக்கச் சொல்வார். காரைக்காலில் எங்கள் பேக்கரியில் அப்பா ரஸ்கை அப்படி எடுக்க விடவே மாட்டார். நெருப்பை வாரிவிட்டு, அடங்கும் சூட்டிலேயே வைத்து அடுப்பின் வாயை மூடிவிடுவார். ஒரு வெள்ளிக்கிழமை நானும் உலையை அணைத்து, ஆக்சிஜன் குழாயை மட்டும் திறந்துவிட்டு, வில்லையை உள்ளேயே விட்டுப் போனேன். திங்கட்கிழமை தடை பூஜ்ஜியம்! மெதுவாக ஆறும்போதுதான் அது வேண்டிய ஆக்சிஜனை இழுத்துக்கொள்கிறது என்பது திரும்பத் திரும்பச் செய்து பார்த்ததில் உறுதியானது. "இது உங்களுக்கு எப்படித் தோன்றியது?" என்றார் தலைவர். ரஸ்க் என்றேன். வேடிக்கைக்குச் சொல்கிறேன் என்று நினைத்து வயிறு குலுங்கச் சிரித்தார். இதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை அச்சில் வந்தபோது ஐந்து பெயர்கள் இருந்தன, என் பெயர் இல்லை. நேரே போய்க் கேட்டேன். "அன்றைக்கே உங்களுக்கு மெர்சி சொன்னேனே!" என்றார். மனிதருக்கு உண்மையிலேயே வருத்தம், நான்தான் நன்றி கெட்டவன் என்பதுபோல.

விடுமுறையில் எட்டணாக் காசு அளவு வில்லை ஒன்றைக் காரைக்காலுக்குக் கொண்டுபோனேன்.

"இது என்னா செய்யும்?" என்றார் அப்பா.

"குளுர்ல வச்சா, இதுக்கு மேல காந்தம் அந்தரத்துல நிக்கும்ப்பா."

"கோட்டுச்சேரிமேட்டுல மீனுக்குப் போடுற ஐஸ் இருக்கும், வாங்கியாரவா?"

"அந்தக் குளுரு பத்தாதுப்பா."

"சரி, நீ செஞ்சதுதானே? உன் பேரப் போட்டாங்களா?"

"போடலப்பா."

அப்பா வில்லையைக் கண்ணாடிக் குப்பியில் போட்டார். ரஸ்க் டப்பாவில் ஒட்டும் சீட்டில் என் பெயரை முழுசாக எழுதி, குப்பியில் ஒட்டி, கடைக்கு வருபவர்கள் கண்ணில் படும்படி வைத்தார். கடற்காற்றின் ஈரத்தில் அது மெல்லக் கெட்டுப்போகும் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது வேலை செய்யும் ஊரில் என் பெயர் இல்லை. என் பெயர் ஒட்டியிருக்கும் ஊரில் அது வெறும் கறுப்புக் கல்.