‘வாங்க’ என்றால்

மோர் அண்டாவில் தொங்கும் பச்சை பிளாஸ்டிக் குவளையைப் பார்த்தாலே எனக்கு இன்றும் நிலைகொள்ளாது. ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் கோடை ஞாயிறுகளில் நாங்கள் சிலர் சேர்ந்து போடும் தண்ணீர்ப்பந்தலில் அதைப் பிடித்து மோர் ஊற்றியவர், ஒடிசாவிலிருந்து பிழைக்க வந்த ஒரு வெல்டர். அரியமங்கலத்துப் பட்டறையில் நான் மேஸ்திரி, அவர் என் கீழே வேலை பார்த்தார். இப்போது எழுத்தில் மரியாதையாக ‘அவர்’ என்கிறேன். அப்போது ‘டேய்’தான்.

லீவு நாளில் ரூமுக்குள் அடைந்து கிடக்கிறாரே என்று நான்தான் பந்தலுக்கு அழைத்துப் போனேன். அடுத்த வாரம் கூப்பிடாமலே வந்து நின்றார். “பட்டறையில யாரும் நம்ம மூஞ்சி பாக்கல சார். இங்க பாக்குது, சிரிக்குது” என்றார். மூன்றாம் வாரம் வம்பு வந்தது. வரிசையில் நின்ற ஒரு மாமியிடம் மலர்ந்த முகத்தோடு டம்ளரை நீட்டி, “ஏய், வா. குடி. தள்ளு” என்றுவிட்டார். மாமி டம்ளரைத் தொடவே இல்லை. “நன்னா இருக்கு! என் வயசென்ன, இவன் என்னை வா போங்கறானே!” கூட்டம் கூடிவிட்டது. பந்தல் செயலாளர் என்னைத் தனியே இழுத்து, “இனிமே அவன் வேண்டாங்க, பேரு கெட்டுடும்” என்றார்.

வெல்டரின் முகம் செத்துவிட்டது. “நான் என்ன தப்பு பண்ணுச்சு சார்?”

“பெரியவங்கள வாங்கன்னு சொல்லணும்டா!” என்று எரிந்து விழுந்தேன்.

அவர் விழித்தார். “வாங்க... கடையில சாமான் வாங்க. அதுதானே சார்?”

எனக்குச் சுருக்கென்றது. ஐந்து வருஷமாக அவர் காதில் விழுந்த தமிழில் பாதி என் வாயிலிருந்து வந்தது. வா, பிடி, தூக்கு, தள்ளு. அதைத்தான் அந்த மனிதர் சிரித்துக்கொண்டே மாமிக்கும் கொடுத்திருக்கிறார். ‘வாங்க’ என்று அவரை ஒருத்தரும் கூப்பிட்டதில்லை. தப்பு என்னுடையது என்று செயலாளரிடம் கெஞ்சி, இன்னும் ஒரே ஒரு வாரம் கேட்டு வாங்கினேன்.

வாரம் முழுக்கப் பட்டறையில் சொல்லிக்கொடுத்தேன். அடுத்த ஞாயிறு பந்தலில் “வாங்க, குடிங்க, போங்க” என்று ஒரே அமர்க்களம். குறுக்கே வந்த தெருநாயைக்கூட “தள்ளுங்க” என்றார். அதே மாமி இரண்டாவது டம்ளர் கேட்டுக் குடித்தார். செயலாளரே, “அடுத்த வாரமும் வரட்டுங்க” என்றார்.

வருஷங்கள் ஓடிவிட்டன. நான் வேலையை விட்டு வீட்டோடு இருக்கிறேன். இப்போது பந்தலை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். போன ஞாயிறு மூட்டுவலியோடு போய் வரிசையில் நின்றேன். “வாங்க சார், உட்காருங்க!” என்று கூட்டத்துக்கு மேலே குரல் வந்தது. பச்சைக் குவளையில் மொண்டு, டம்ளரில் ஊற்றி நீட்டினார். ‘கொடுங்க’ என்று சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே நினைத்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தேன்.

“குடு” என்றுதான் வந்தது.