தங்கைக்கு ஊட்டிய கை

அம்மா சாப்பிடும் ஸ்பூன் இன்னும் அவள் தட்டோரத்தில்தான் கிடக்கிறது. காம்பு வளைந்த பழைய எவர்சில்வர் ஸ்பூன். பட்டாசுக் கம்பெனி வேலையை விட்டு எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன. கையில் ஒரு பொட்டுப் பொடி கிடையாது. ஆனாலும் ரசச் சோற்றைக்கூட ஸ்பூனால்தான் அள்ளுகிறாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் தாயில்பட்டி பால்வாடியில் நடந்த சமையல் வகுப்பு நினைவுக்கு வந்து என்னைக் குழப்பும்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அம்மா அப்போது மருந்து செலுத்தும் வேலையில் இருந்தாள். பட்டாசுக்குள் அடைக்கும் பொடியை எங்கள் பக்கம் மருந்து என்றுதான் சொல்வோம். சோப்புப் போட்டு, சீயக்காய் போட்டு எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் அந்த வெள்ளி மினுக்கம் போகாது. அந்தக் கையால் தானும் சாப்பிட மாட்டாள், எங்களுக்கும் ஊட்ட மாட்டாள். தங்கைக்கு நடை பழகும் வயது, நடக்கத்தான் தெம்பில்லை. ஸ்பூனைக் கண்டாலே வாயை இறுக்கிக்கொள்வாள். எடை பார்க்கும் ஒவ்வொரு முறையும் பால்வாடி டீச்சரின் முகம் வாடிப்போகும்.

அவளைப் போன்ற பிள்ளைகளைத் தேற்றத்தான் டீச்சர் கம்பெனி லீவு நாட்களில் தாய்மார்களைக் கூட்டிச் சமையல் சொல்லிக்கொடுத்தார். முடிவில் கிடைக்கும் சுண்டலுக்காக நானும் ஒட்டிக்கொண்டு போவேன். ஒருநாள் பருப்புச் சோற்றில் முருங்கைக்கீரை சேர்த்து, கையால் மசித்து, அவரவர் பிள்ளைக்கு ஊட்டிக் காட்டச் சொன்னார். எல்லோரும் ஊட்டினார்கள். அம்மா மட்டும் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு நின்றாள். ஸ்பூனை விட்டுவிட்டுக் கையால் கொடுத்துப் பாருங்கள், பெற்றவள் கை என்றால் பிள்ளை வாங்கும் என்று டீச்சர் எவ்வளவோ சொன்னார். அம்மா என்னைப் பிடித்து முன்னால் தள்ளினாள்.

"இவ கையும் என் கைதான் டீச்சர். இவ ஊட்டட்டும்."

எனக்குப் பத்து வயதுகூட இருக்காது. பயந்துகொண்டே நீட்டினேன். தங்கை வாங்கிக்கொண்டாள். அம்மா சிரித்தாள், சிரித்துக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்றிலிருந்து எல்லா வேளையும் நான்தான். தங்கை தேறினாள், நடந்தாள், ஓடினாள். காய்ச்சல் வந்தால் என்னைத்தான் தேடுவாள். அம்மா தூக்க வந்தால் என் பின்னால் ஒளிந்துகொள்வாள். எனக்கு அதில் பெருமை வேறு. அந்த உரிமையை அம்மா எனக்குக் கொடுத்தாளா, நான் பறித்துக்கொண்டேனா என்று இப்போது யோசித்தால் ஒன்றும் பிடிபடுவதில்லை. அவளிடம் கேட்கவும் வாய் வரவில்லை.

போன மாதம் தங்கை தன் மகனோடு வந்திருந்தாள். அவனும் ஸ்பூனுக்கு வாய் திறக்காத ரகம். நீ ஊட்டிப் பாரும்மா என்று தங்கை தட்டை அம்மாவிடம் நீட்டினாள். அம்மா எழுந்துபோய்க் கையைக் கழுவிவிட்டு வந்தாள். சோற்றில் கை வைக்கப்போனவள், விரல்களை முகர்ந்து பார்த்தாள். மறுபடியும் கழுவப் போனாள். தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது. திரும்பி வந்து தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

"நீயே ஊட்டு தாயி. என் கைய இவளுக்கே தெரியாது, இவ புள்ள எப்படி வாங்குவான்?"

தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். நான் ஊட்டினேன், அவன் வாங்கிக்கொண்டான். அம்மா தன் ஸ்பூனை எடுத்து, ஆறிப்போன சோற்றைச் சாப்பிடத் தொடங்கினாள்.