அண்ணன் எழுதிய ‘இல்லை’

எங்கள் தம்பியின் சாவுக்குக் காரணம் என் அண்ணன்தான். பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். சொல்கிறேன்.

தம்பிக்குப் பத்து வயதிலிருந்து வலிப்பு. வீட்டில் அந்தச் சொல்லை யாரும் சொல்ல மாட்டோம். வெளியே ‘வாயு’ என்போம். வலிப்பு உள்ள குடும்பம் என்று தெரிந்தால் பெண் எடுக்க மாட்டார்கள். அவன் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. தக்கலையில் என் கடையைப் பார்த்துக்கொண்டு, அண்ணன் மகளைத் தன் மகளாக வளர்த்தான்.

அவளுக்குப் பார்த்த மாப்பிள்ளைக்கு அந்தமானில் வேலை. நிச்சயத்துக்கு முன்னால் வீடு காண இரண்டு குடும்பமும் போனோம். ஒருநாள் தீவு பார்க்கப் படகு ஏற்பாடு செய்தார் மாப்பிள்ளையின் அப்பா. மிதவை ஜாக்கெட் கட்டி, கண்ணாடி மாட்டி, வாயில் ஒரு குழாயைக் கடித்துக்கொண்டு, குப்புற மிதந்தபடி பவளப்பாறையும் மீனும் பார்க்கலாம்.

படகில் ஒரு தாள் கொடுத்தார்கள். நெஞ்சுவலி, ஆஸ்துமா, வலிப்பு இருக்கிறதா இல்லையா என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் வீட்டார் எல்லோருக்கும் அண்ணனே எழுதினான். தம்பி பெயருக்கு நேரே ‘இல்லை’. படகுக்காரர் தமிழர்தான். வாய்விட்டும் கேட்டார்.

“யாருக்காவது ஃபிட்ஸ் உண்டா? இருந்தா தண்ணியில இறங்காதீங்க.”

எதிரே மாப்பிள்ளையின் அம்மா இருந்தார். ஓய்வுபெற்ற நர்ஸ்.

“எங்க வீட்ல ஒருத்தருக்கும் தலவலிகூட கிடையாது, கேட்டியளா,” என்று அண்ணன் சிரித்தான்.

நானும் வாயைத் திறக்கவில்லை. தம்பியின் காதில் மட்டும், “லேய், நீ இறங்காத,” என்றேன்.

“சும்மா கிட அண்ணா. நான் மட்டும் இறங்காம இருந்தா ஏன்னு கேப்பாவ. என்ன சொல்லுவ?”

இறங்கினான். கொஞ்ச நேரத்தில் தலையைத் தூக்கிக் குழாயைப் பிடுங்கிவிட்டு அண்ணன் மகளிடம் கத்தினான். “ஏட்டி மக்களே, கீழ தோவாளைப் பூச்சந்தை மாதிரில்லா கெடக்கு! அம்புட்டும் நீந்துது!”

“வாயை மூடுங்க சித்தப்பா, உப்புத்தண்ணி குடிச்சிராதீங்க.”

“குடிச்சா என்ன? உன் மாமியாருக்கு நீ இதைவிட உப்பாத்தான் கொழம்பு வைக்கப் போற!”

படகில் இருந்த அந்த அம்மாவும் சிரித்துவிட்டார். அவன் மறுபடி முகத்தைத் தண்ணீரில் வைத்தான்.

எல்லோரும் குப்புறத்தான் மிதந்தோம். அவனும் அப்படித்தான் கிடந்தான். எனக்குப் பத்தடி தூரம் இருக்காது. மீன் பார்க்கிறான் என்று நினைத்தேன். நானும் மீன் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படகிலிருந்து அந்த அம்மாதான் கூப்பாடு போட்டார். “அந்தக் கை ஏன் அப்படி வெட்டுது? அவரைப் புரட்டுங்க!”

நான்தான் புரட்டினேன். குழாய் வாயில் இல்லை. உதடு நீலம். மேலே ஏற்றியதும் அந்த அம்மா ஒருக்களித்துப் படுக்க வைத்தார், பிறகு மல்லாத்தி நெஞ்சை அமுக்கினார், வாயில் ஊதினார். கரை வரும்வரை அவர் நிறுத்தவே இல்லை. கரையில் டாக்டர் கையை விரித்தார்.

கடித்த நாக்கை அந்த அம்மா பார்த்திருந்தார். “எத்தனை வருஷமா இருக்கு?” என்று கேட்டார். அண்ணன், “அட்டாக்கா இருக்கும்,” என்றான். அவர் அண்ணனிடம் அதற்குமேல் பேசவில்லை. என் பக்கம் திரும்பினார்.

“சொல்லியிருந்தா என் பக்கத்துலயே இருத்தியிருப்பேனே. இதுக்காகவா சம்பந்தத்தை வேண்டாம்னு சொல்லுவேன்?”

சொன்னபடியே அவர் கல்யாணத்தை நடத்திக் கொடுத்தார். நாங்கள் ஒளித்து வைத்த நோய் யாருக்கும் ஒரு கேடும் செய்யவில்லை, தம்பியைத் தவிர.

இப்போது அண்ணன் ஊரெல்லாம் ஒரு கதை சொல்லித் திரிகிறான். தான் சொன்ன பேச்சைக் கேட்காமல் தம்பி மிதவை ஜாக்கெட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆழத்துக்குப் போனானாம். நான் புரட்டியபோது ஜாக்கெட்டின் வார்கள் எல்லாம் இறுகக் கட்டியிருந்தன. படகில் வைத்து அவற்றை அவிழ்த்ததும் நான்தான்.

வரும் ஞாயிற்றுக்கிழமை சபையில் தம்பிக்கு நினைவு ஜெபம். நான் எழுந்து என் பங்கைச் சொல்லுவேன். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று சொல்லுவேன். அதன்பிறகு மைக் உன்னிடம் வரும் அண்ணா. அந்தத் தாளில் தம்பி பெயருக்கு நேரே நீ என்ன எழுதினாய்? சபை முழுக்கக் கேட்கும்படி பதில் சொல்.