ஆடி மாதக் காவல்

என் அக்காவின் கல்யாணம் நிலைத்ததற்கு நான்தான் காரணம் என்று பத்து வயதிலிருந்து பதினெட்டு வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். விஷயம் தெரிந்த பிறகு அந்தப் பெருமையில் பாதியை அம்மாவுக்கும் கால்வாசியை அத்தைக்கும் கொடுத்துவிட்டேன். மீதிக் கால்வாசியை யாருக்கும் தருவதாக இல்லை.

அக்காவைப் பக்கத்து ஊரான அகரத்தில் கட்டிக்கொடுத்தது ஒரு வைகாசியில். மச்சான் உரக்கடை வைத்திருந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் அது அக்காவுக்குத் தெரிய வாய்ப்பே கிடைக்கவில்லை. மச்சானின் அம்மாவை நான் அத்தை என்பேன். புதுப்பெண்ணுக்கு வீடு பழக வேண்டும் என்று அவர் விடிந்ததிலிருந்து அக்காவின் கூடவே இருந்தார். டிவி பார்க்கும்போது அக்காவுக்கும் மச்சானுக்கும் நடுவில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்தார். திண்டுக்கல்லில் இருந்த என் அம்மாவும் சளைத்தவள் இல்லை. ஒரு நாளைக்கு மூன்று முறை போன் போட்டு, இன்றைக்கு என்ன வெஞ்சனம், மாப்பிள்ளை எத்தனை தோசை சாப்பிட்டார் என்று விசாரிப்பாள். மிச்சமிருந்த நேரத்தில்தான் அவர்கள் குடும்பம் நடத்தியாக வேண்டும்.

ஆடி பிறந்தது. புதுப்பெண் அந்த மாதம் முழுவதும் தாய்வீட்டில் இருக்க வேண்டும், புருஷனைப் பார்க்கக் கூடாது. எதிலும் ஒத்துப்போகாத அம்மாவும் அத்தையும் இதில் மட்டும் ஒரே கட்சி. மச்சான் ஆடி விருந்து சாப்பிட்டு, அக்காவை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனார்.

அக்கா கொண்டுவந்த பைகளில் அவளுடைய எல்லாச் சேலைகளும் இருந்தன. ஒரு மாதத்துக்கு எதற்கு இத்தனை என்று கேட்டேன். பைகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். இரண்டு நாள் கழித்து அடுப்படியில் அவள் அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"நான் திரும்பிப் போகலம்மா. அவருக்கு என்னயப் புடிச்சிருக்கா இல்லையான்னே தெரியல. இம்புட்டு நாள்ல அவரு எங்கிட்டப் பேசுனதே 'சாப்டியா' மட்டுந்தான்."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். மதியம் கொல்லைப்புறத்தில் நின்று யாருடனோ வெகுநேரம் போனில் தணிந்த குரலில் பேசினாள். அம்மாவுக்குத் தணிந்த குரல் என்று ஒன்று இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

மறுநாள் என்னை அபாகஸ் வகுப்பில் சேர்த்துவிட்டார்கள். மணிச்சட்டத்தை உருட்டிக் கணக்குப் போடும் வகுப்பு. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் போனபோது வேலையத்த வேலை என்று சொன்ன அதே அம்மாதான் சேர்த்தாள். வாரத்துக்கு நான்கு நாள், சாயங்காலம். அக்கா கொண்டுபோய் விட்டு, அங்கேயே காத்திருந்து கூட்டி வர வேண்டும். கிளம்பும்போது தெருவுக்கே கேட்கும்படி அம்மா என்னிடம் சொன்னாள்:

"அக்காவ விட்டு அங்கிட்டு இங்கிட்டு நகரக் கூடாது. மச்சான் கண்ணுல பட்டா எங்கிட்ட வந்து சொல்லணும். உன்னய நம்பித்தான் அனுப்புறேன்."

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வகுப்பு மாடியில் நடந்தது. அடம்பிடித்து ஜன்னலோரம் இடம் வாங்கிக்கொண்டேன். அந்த ஜன்னலில் பின்தெருதான் தெரியும். அக்கா உட்கார்ந்திருந்தது முன்வாசல் பெஞ்சில். பின்தெருவில் மச்சான் ஒருநாளும் வரவில்லை என்பதில் எனக்குப் பரம திருப்தி.

காத்திருக்கும்போது பசிக்குமே என்று அக்கா கையில் அம்மா ஒரு தூக்குவாளி கொடுத்தனுப்புவாள். ஒருத்திக்கு அத்தனை கோலா உருண்டையா என்று நான் கேட்கவில்லை. அந்த வாளியின் மூடி பொல்லாதது. அப்பா மூச்சைப் பிடித்து இழுத்தாலும் வராது. விளிம்பில் நசுங்கிய இடத்தில் கரண்டிக்காம்பால் ஒரு தட்டு தட்ட வேண்டும். அந்த வித்தை அம்மாவுக்கும் அக்காவுக்கும் மட்டும்தான் தெரியும்.

இன்றைக்குப் போகும் வாளி அடுத்த வகுப்பன்றுதான் வீடு திரும்பும். மறந்து வைத்துவிட்டேன் என்பாள் அக்கா. ஒரு ஸ்பூன் காணாவிட்டால் வீட்டையே புரட்டிப்போடும் அம்மா, ஒன்றும் சொல்ல மாட்டாள். வாளி வெறுமனே திரும்பாது. ஒருமுறை பூண்டு ஊறுகாய் வந்தது. அம்மா தொட்டு நாக்கில் வைத்து, "உப்பு தூக்கல்" என்று சொல்லி அலமாரியில் வைத்தாள்.

ஒரு சாயங்காலம் வகுப்பு முடிந்து இறங்கி வந்தால், அக்கா தலையில் புது மல்லிகைச் சரம். வாசலில் மச்சானுடையது போலவே ஒரு பைக், பின்னால் உரமூட்டையோடு.

"யாரு வண்டிக்கா?"

"திண்டுக்கல்லுல உரக்கடைக்காரவங்களுக்கா பஞ்சம்? வா போவோம்."

நியாயமான பதில்.

ஆவணி பிறந்ததும் அத்தையும் மச்சானும் அழைத்துப் போக வந்தார்கள். அக்கா எல்லாச் சேலைகளையும் முந்தின நாளே மடித்துப் பையில் வைத்துவிட்டாள். நான் கூடத்தின் நடுவில் நின்று அறிக்கை கொடுத்தேன்.

"அத்த, ஆடி முழுக்க அக்கா மச்சானப் பாக்கவே இல்ல. நான் விடல!"

மச்சான் திடீரென்று சுவரில் இருந்த காலண்டரைப் படிக்க ஆரம்பித்தார். அக்கா உள்ளே ஓடினாள். அத்தை என்னை இழுத்து அணைத்து, "காவலுன்னா இப்படில்ல இருக்கணும்!" என்றார். அம்மாவுக்கு இருமல் வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு சாப்பாடு. கல்யாணத்துக்குப் பிறகு அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தது அன்றுதான். அம்மா அடுப்படியில் வேலையாக இருந்தாள். அத்தை அந்தத் தூக்குவாளியைத் தன் பக்கம் இழுத்து, யாரையும் கேட்காமல், நசுங்கிய இடத்தைத் திருப்பிப் பிடித்து, கரண்டிக்காம்பால் ஒரே தட்டு தட்டினார். மூடி திறந்துகொண்டது.

ஒரு மாதமாக முயன்றும் எனக்கு வராத வித்தை. அத்தை ரொம்பக் கெட்டிக்காரர் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.